நான் குறைத்துப் போட்ட எழுத்து

மார்க் போடுவதில் என்னைப் போல் கஞ்சம் பிடித்தவள் கோவை பீளமேட்டிலேயே கிடையாது என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பதினாறு வருடம் அங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு பிசிக்ஸ் எடுத்தேன். விடை சரியாக இருக்கும், அலகு எழுதியிருக்க மாட்டான், ஒரு மார்க் போச்சு. படத்தில் அம்புக்குறி இருக்கும், பக்கத்தில் பெயர் இருக்காது, அரை மார்க் போச்சு. வேறு ஒன்றும் அகப்படாவிட்டால் இருக்கவே இருக்கிறது கையெழுத்து. அரையாண்டுத் தேர்வில் தொண்ணூறு வாங்க வேண்டிய பிள்ளை எழுபதை வாங்கிக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போகும். மறுநாள் அதன் அப்பா வந்து நிற்பார். சண்டைக்கா? அட நீங்க வேற, நன்றி சொல்ல!

"நல்லா இறுக்கிப் புடிங்க மிஸ். மார்க்கை அள்ளிக் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் புஸ்தகத்தைத் தொடமாட்டானுங்க."

பொதுத்தேர்வில் அதே பிள்ளை தொண்ணூற்றைந்து வாங்கி ஸ்வீட் பாக்ஸோடு வரும். எங்கள் பக்கத்து டீச்சர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். பள்ளிக்குள் குறைத்துப் போட்டால் வெளியே கூடி வரும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, எல்லாருக்கும் தெரிந்த விதி. நானும் அதை நம்பினேன். சும்மா சொல்லக்கூடாது, பலமுறை பலித்தும் இருக்கிறது.

அந்தப் பழக்கத்தோடுதான் சத்தி ரோட்டில் இருக்கும் ஒரு சர்வதேசப் பள்ளிக்கு மாறினேன். அங்கே பிரிட்டிஷ் பாடத்திட்டம், நம் பிளஸ் டூவுக்குச் சமமான ஏ லெவல் பரீட்சை. மதிப்பெண்ணுக்குப் பதில் ஏ ஸ்டார், ஏ, பி என்று எழுத்து. பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூர், கோவை வசதிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். மீதியில் ஏழெட்டுப் பேர் கொரியாக்காரர்கள். கொரிய அப்பாக்கள் இங்கே மில்களுக்கு மெஷின் நிறுவவும் பராமரிக்கவும் வந்தவர்கள். நாலைந்து வருடம் இருந்துவிட்டுக் கம்பெனி கூப்பிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கனவு, பிரிட்டனில் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் சயின்ஸ்.

அதில் ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். வீட்டில் சமைக்க வந்த அன்னூர் அக்காவிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். அதுவும் நம் ஊர்த் தமிழ்! நான் அவளுக்கு எடுத்த முதல் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "ஏனுங்க மிஸ், அந்த எடத்துல வெளிச்சம் அடிக்குதுங்க, தெரியலைங்க" என்று குரல் வந்தது. அன்னூர்ப் பெண் யாரோ என்று திரும்பினால் இந்தச் சின்னக் கண்ணுக்காரி. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். கொரிய மொழியிலும் பெரியவர்களிடம் பேசினால் வார்த்தைக் கடைசியில் ஒரு மரியாதை ஒட்டவேண்டும், அதனால் இந்த 'ங்க' தனக்குச் சுலபமாக வந்துவிட்டது என்று பிறகொரு நாள் சொன்னாள்.

உலோகங்கள் மீது அவளுக்கு ஒரு பித்து இருந்தது. அப்பாவோடு மில்லுக்குப் போயிருக்கிறாள். அங்கே தேய்ந்து கழற்றிப் போட்ட ஒரு பல்சக்கரத்தைக் கொண்டுவந்து, இது ஏன் இந்த இடத்தில் மட்டும் விரிசல் விட்டது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. 'சிலபஸில் இல்லை' என்று சொல்லி அனுப்பினேன். அவள் தானே படித்து ஒரு வாரம் கழித்து விளக்கினாள். பிரிட்டனில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவள் அப்பாவின் ஒப்பந்தம் பரீட்சை நடக்கும் ஜூனோடு முடிகிறது. ஊருக்குத் திரும்பினால் அங்கே நுழைவுத்தேர்வு கொரிய மொழியில். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் அறிவியலை அந்த மொழியில் படித்ததே இல்லை. அதனால் பிரிட்டன் கிடைத்தால் இன்ஜினியரிங், கிடைக்காவிட்டால் இல்லை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் ஒன்றுதான். அதில் ஐந்து இடம் கேட்கலாம். பரீட்சை எழுதுவதற்கு முன்பே போட வேண்டும். அதனால் இந்தப் பிள்ளை என்ன எழுத்து வாங்கும் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் டீச்சர் கணித்துத் தர வேண்டும். விண்ணப்ப வேலையைப் பார்த்த கோ-ஆர்டினேட்டர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். எங்களை எல்லாம் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"மேடம், இது ஸ்டூடண்ட் இன்னைக்கு எப்படிப் படிக்கிறாங்கங்கறது இல்ல. ஃபைனல்ல என்ன வாங்குவாங்கங்கறது. நீங்க போடுற எழுத்தைப் பார்த்துத்தான் அங்க சீட்டே முடிவு பண்ணுவாங்க. குறைச்சுப் போட்டா உள்ளயே எடுக்க மாட்டாங்க."

நான் தலையாட்டினேன். நேற்று வந்த பொடியன் எனக்கு மார்க் போடச் சொல்லித் தருகிறான் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

இதற்கு ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. மின்தேக்கி பற்றிய ஒரு கணக்கை போர்டில் போட்டபோது ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டேன். விடை எப்படியோ ஒப்பேறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவள் நோட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள்.

"மிஸ், எனக்குத்தான் சரியா புரியலைன்னு நெனைக்கிறேனுங்க. இந்த மூணாவது வரியில மைனஸ் வருங்களா?"

எவ்வளவு அழகாகச் சொன்னாள் பாருங்கள். தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு சொன்னாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 'ஆமா, பார்த்துச் சொல்றேன்' என்றேன். மறுநாள் வகுப்பில், நானே கண்டுபிடித்ததுபோல் திருத்தினேன். அவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த முள்ளை இன்னும் எடுக்கவில்லை.

கணிப்புப் படிவம் வந்தபோது அவள் பெயருக்கு எதிரே பிசிக்ஸில் 'பி' என்று போட்டேன். அவள் ஏ ஸ்டார் வாங்குவாள் என்று எனக்குத் தெரியும். என் கை தெரிந்தேதான் எழுதியது. கொஞ்சம் தட்டி வைத்தால் இன்னும் முட்டிக்கொண்டு படிப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். பதினாறு வருடப் பழக்கம், வாயில் தயாராக இருந்த நியாயம். அதற்கடியில் அந்த மைனஸ் குறி எவ்வளவு இருந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாதி இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம்.

எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கே திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவனின் அம்மாவுக்குத் தகவல் போய்விட்டது. அவனுக்கும் பிதான் போட்டிருந்தேன். அவன் நிஜமாகவே பிதான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மா வந்து ஆபீஸில் உட்கார்ந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க மிஸ், ஒரே ஒரு எழுத்துங்க. ஏத்திப் போட்டா உங்க கையில என்னங்க கொறஞ்சு போயிரும்? எம்பையனோட வாழ்க்கைங்க."

நான் பிடி கொடுக்காமல்தான் பேசினேன். கடைசியில் பிரின்சிபால் கூப்பிட்டு, 'முடிச்சு அனுப்புங்க மிஸ், எனக்கு மீட்டிங் இருக்கு' என்றார். பியை அடித்து ஏ போட்டேன். இரண்டு நிமிட வேலை.

அந்தக் கொரியப் பெண்ணும் வந்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தாள். அழுவாள், இல்லை ஏன் என்று கேட்பாள் என்று பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"பார்த்தேனுங்க மிஸ். நான் இன்னும் நல்லாப் படிக்கணுங்க."

குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள். 'பார்த்தியா, வேலை செய்யுது' என்று பக்கத்து சீட் டீச்சரிடம் சொன்னேன். இதை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். இவரும் எழுத்தைப் பற்றிப் பேசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன், சத்தியமாக. அவர் இரண்டு கையாலும் ஒரு டப்பாவை நீட்டினார். உப்புப் போட்டு வறுத்த கடல்பாசி. மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்: "எம்பொண்ணை இவ்வளவு அக்கறையாப் பார்த்துக்கறதுக்கு ரொம்ப நன்றின்னு அம்மா சொல்றாங்க." அவர்கள் வழக்கத்தில் டீச்சர் போட்டதைக் கேள்வி கேட்பதில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் டீச்சர் குறைத்துப் போடுவாள், கேட்டால் கொஞ்சம் ஏற்றுவாள். இந்த இரண்டும் ஒரு பெண்ணின் தலையில் வந்து சேரும் என்று யார் கண்டார்கள்? நான் கண்டிருக்க வேண்டும். டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிப்ரவரியில் அவளுக்கு முதல் மறுப்பு வந்தது. பத்து நாளில் இரண்டாவது. கோ-ஆர்டினேட்டர் என்னைத் தேடி லேபுக்கே வந்துவிட்டார்.

"மேடம், மத்த பாடத்துல எல்லாம் ஏ ஸ்டார். பிசிக்ஸ் பிதான் இடிக்குது. இன்ஜினியரிங்குக்கு பிசிக்ஸ் பி-ன்னா தொடவே மாட்டாங்க. கணிப்பு தப்பாப் போயிடுச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுங்க. மிச்சம் மூணு இடத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன்."

"நாளைக்குத் தர்றேன்" என்றேன்.

அந்த நாளை வரவே இல்லை. உட்கார்ந்தேன், எழுதினேன். 'நான் தவறாகக் கணித்துவிட்டேன்' என்று எழுதிப் பார்த்தால் பகீர் என்றது. அது பிரின்சிபால் மேஜை வழியாகத்தான் போகும். பிறகு மாதிரித் தேர்வு வந்தது. பிறகு சத்தியமங்கலத்தில் நாத்தனார் மகள் கல்யாணம், மூன்று நாள் லீவு. திரும்பி வந்த அன்று கோ-ஆர்டினேட்டர் போன் செய்தார், லெட்டரைக் கேட்கவில்லை. மூன்றாவது, நான்காவது மறுப்பும் வந்திருந்தன. ஐந்தாவது இடம், ஒரு வருடம் அடிப்படைப் படிப்பு படித்துவிட்டு வரச் சொன்னது. அவள் அப்பா முடியாது என்றுவிட்டார். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே இதைக் கேட்டேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரிடம் முழுதாகச் சொன்னேன். கணபதியில் ஒரு பம்பு செட் பட்டறையில் டெஸ்டிங் பார்க்கிறவர். அதிகம் பேசாத மனுஷன். கேட்டுவிட்டு, "ஏன் அம்மிணி, நூறடி தண்ணி தூக்குற பம்புக்கு அறுபது அடின்னு பிளேட் அடிச்சு அனுப்புனா எவன் வாங்குவான்? ஊட்டுக்குள்ள வெச்சுக்கற பம்புன்னா என்ன வேணாலும் அடிச்சுக்க. வெளிய போறதுக்கு அடிக்கலாமா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வார்த்தை திருப்பிக் கத்தினேன். அவர் சொன்னதில் தப்பு இல்லாததால்தான் அவ்வளவு கத்தினேன்.

ஜூனில் பரீட்சை முடிந்ததும் அவள் குடும்பம் ஊருக்குக் கிளம்பத் தயாரானது. எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அன்னூர் அக்கா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் அம்மா டீ கொடுத்தார். மேலே என்ன பண்ணப் போறே என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல, வெளிநாட்டுல படிச்சுட்டு வர்றவங்களுக்குத் தனியா சேர்க்கை இருக்குதுங்க மிஸ். இங்கிலீஷ் டிபார்ட்மெண்டுக்குக் கேக்கப் போறேனுங்க. இன்ஜினியரிங்குன்னா அதுலயும் கொரிய மொழியில பரீட்சை இருக்குதுங்க, இதுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சாப் போதும்."

"மெட்டீரியல்ஸ் என்னாச்சு?"

அவள் சிரித்தாள். "எனக்கு பிசிக்ஸ் அவ்வளவு வராதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. மிஸ் எத்தனை வருஷமா எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்க. நீங்க பி-ன்னு சொன்னா அது சரியாத்தான் இருக்குங்க. எனக்குத்தான் அப்பவே புரியலை."

சீட் போனது ஒரு பக்கம். நான் போட்டதை இந்தப் பெண் நம்பிவிட்டாளே! என் பழைய பள்ளிப் பிள்ளைகள் ஒருத்தர்கூட நம்பியதில்லை. 'மிஸ் அப்படித்தான் போடும்' என்று பின்னால் பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் அம்மா எதிரே உட்கார்ந்து, நான் டீ குடிப்பதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நல்லாப் படி கண்ணு' என்று தலையில் கை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோழை.

ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. பிசிக்ஸில் ஏ ஸ்டார். பள்ளியிலேயே அவள்தான் முதல். திருப்பூர்ப் பையன் பி. கணித்த ஏ வராததால் அவனுக்கும் அவன் கேட்ட இடம் போய்விட்டது, ஆனால் அவன் அப்பா வேறொரு இடம் பார்த்துப் பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டார்.

ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். பக்கத்து சீட் டீச்சர், "உங்க வைத்தியம் பலிச்சுப்போச்சுங்க மிஸ்" என்றார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மைதானத்து வேப்ப மரத்தடியில் நின்று அவளுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலமாக இருந்திருக்கும். அவள் எடுத்த எடுப்பிலேயே சந்தோஷமாகப் பேசினாள்.

"மிஸ், பார்த்தீங்களா? நீங்க பி போட்டதாலதானுங்க நான் இவ்வளவு படிச்சேன். ரொம்ப நன்றிங்க மிஸ்."

பதினாறு வருடம் அப்பாக்கள் சொல்லிக் கேட்ட அதே நன்றி. ஒவ்வொரு முறையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டவள்தான் நான். இதை வாங்க முடியவில்லை. இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"இல்ல கண்ணு, நான் சொல்றதைக் கேளு. நீ ஏ ஸ்டார்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் கொறச்சுப் போட்டேன். உனக்கு பிசிக்ஸ் வராம இல்ல. நான் பார்த்த பிள்ளைங்கள்ல உன்னை மாதிரி யாருக்கும் வந்ததில்ல. உன் சீட்டு போனதுக்கு நான்தான் காரணம். லெட்டர் எழுதித் திருத்தச் சொன்னாங்க, அதையும் நான் எழுதல. அடுத்த வருஷம் இந்த மார்க்கை வெச்சு மறுபடி போடு. என்ன வேணும்னாலும் எழுதித் தர்றேன்."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்க, அவள் கொரிய மொழியில் ஒரு வார்த்தை பதில் சொல்வது கேட்டது.

"இங்க சேர்ந்தாச்சுங்க மிஸ். இன்னொரு வருஷம் வீணாக்க வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாருங்க."

"நான் அப்பாகிட்டப் பேசறேன்."

"வேணாங்க."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், அன்னைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேனுங்களே. அப்ப நான் ஏன்னு கேட்டிருந்தா, மாத்தியிருப்பீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. விதிமுறை, பிரின்சிபால், கமிட்டி என்று எதையாவது மென்று முழுங்கியிருக்கலாம்.

"மாத்தியிருப்பேன்" என்றேன்.

"சரிங்க மிஸ்."

மன்னிச்சுக்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, அதுவே ஞாபகம் இல்லை.

"வெச்சரட்டுங்களா மிஸ்?"

நான் 'வை' என்று சொல்லும்வரை அவள் போனை வைக்கவில்லை.